ஈரத்தில் பூசக் கூடாது

ஸ்க்ரூடிரைவரால் டப்பா மூடியை நெம்பினேன். மண்ணெண்ணெயும் நகப்பாலிஷும் குடும்பச் சண்டை போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்த மாதிரி ஒரு வாடை கிளம்பியது. அடுத்த நொடி நீ வந்து நின்றாய். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் நீ அப்படித்தான் வருவாய். முதலில் உன் சட்டை வாடை எங்கள் வீட்டு ஹாலுக்கு வரும், பிறகுதான் கேட் சத்தமே கேட்கும். "உங்க தண்ணி டாக்டர் வந்துட்டார், ஜன்னலைத் திறங்க" என்பாள் என் மனைவி.

அஸ்தினாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். கத்திரி வெயில். தரையில் பதித்த தட்டோடு தோசைக்கல் மாதிரி காய்ந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒருவன் பிரஷ்ஷும் டப்பாவுமாக வெயிலில் குனிந்து நின்றால், இந்தத் தெருவில் அது நிகழ்ச்சி. எதிர்வீட்டு அக்கா வடாம் காயப் போடுகிற சாக்கில் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்ன சார், ஆள் கிடைக்கலையா?"

"கிடைச்சாங்க அக்கா. நானே பூசலாம்னு."

"எதுக்கு?"

"மழைக்கு."

அக்கா வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. என்னைப் பார்த்தார். "வீட்ல அவங்க இல்லையா சார்?" என்றார், மிகவும் அக்கறையாக. ஒருவனுக்கு மண்டைக் கோளாறு என்று நம் ஊரில் இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

உன் மேல்தான் எரிச்சலாக வந்தது. இந்த மாதிரி கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் நீ. இருபது வருஷமாகச் சொல்லிப் பழகியவனும் நீதான். மாடி ஒழுகாமல் இருக்கப் பூசுகிற இந்தக் கோட்டிங்கை என் கையில் கொடுத்துவிட்டு இப்படிப் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது?

நாம் அறிமுகமானதே ஒரு ஒழுகல் மூலம்தான். ஒரு கார்த்திகை மாதம், மூன்றாவது நாளாக விடாத மழை. எங்கள் ஹால் கூரையில் இலங்கை வரைபடம் மாதிரி ஓர் ஈரத்திட்டு வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து டிவி மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனை கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த உன் நோட்டீஸைப் பார்த்து போன் செய்தேன். ரெயின்கோட்டில் ஒரு நீர்யானை வந்து இறங்கியது. வண்டியின் பின்னால் ஒரு பெட்டி. உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்து, ஓவியக் கண்காட்சிக்கு வந்தவன் போலத் தலையைச் சாய்த்து நின்றாய்.

"நல்லா வந்திருக்கு சார். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

"பின்ன எதுக்குங்க வந்தீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்க. காபி குடுத்தா குடிப்பேன்."

நான் கத்தத் தொடங்கினேன். நீ அசரவில்லை. "ஈரத்துல பூசக் கூடாது சார். பூசினா உள்ள இருக்கற ஈரம் உள்ளயே மாட்டிக்கும். வெளியேருந்து வர்ற தண்ணியத் தள்ற மருந்து, உள்ள இருக்கறதப் பூட்டி வெச்சிடும். மே மாசம் கூப்பிடுங்க, வெயில் மண்டையப் பொளக்கும் பாருங்க, அப்ப வர்றேன்."

"மே மாசம் எவன் சார் ஒழுகறதுக்கு ஆள் கூப்பிடுவான்?"

"எவனும் கூப்பிட மாட்டான். அதான் சார் என் பொழப்பு."

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை உள்ள அத்தனை மொட்டை மாடிக்காரர்களின் குணத்தையும் நீ அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாய். கோடை முழுக்க உன் போன் ஊமை. முதல் இடி இடித்ததும் அது அலறத் தொடங்கும். எல்லாரையும் நீ இதே பாட்டுப் பாடித் திருப்பி அனுப்புவாய். வேறு எவனாவது ஒருவன் ஈரத்திலேயே பூசிவிட்டுப் போவான். அடுத்த வருஷம் அதே வீட்டில் அதே இடத்தில் ஒழுகும். உன் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் தெரியும்.

அன்றைக்கு நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சரி, மே மாசம் இந்த வாட்டர்ப்ரூஃப் பூசினா ஒழுகாதுல்ல?" என்று கேட்டேன். யாரோ உன் காலை மிதித்த மாதிரி முகம் சுருங்கியது.

"வாட்டர்ப்ரூஃப் இல்ல சார். வாட்டர் ரிப்பெல்லன்ட்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

நீ காபி டம்ளரை வைத்துவிட்டு மழையில் இறங்கி ஓடினாய். கோபித்துக்கொண்டு போகிறாய் என்று நினைத்தேன். வண்டிப் பெட்டியிலிருந்து பாலிதீன் சுற்றிய ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். தாம்பரம் மார்க்கெட் பக்கம் எடைக்குப் போட்டிருந்த ஆங்கில அகராதி, அட்டை போனது. சாம்பிள் டப்பாக்களோடு கிடந்து கிடந்து ஏ முதல் இசட் வரை அதே மண்ணெண்ணெய் வாடை. வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதற்காக அகராதி சுமந்து திரிந்த ஒரே விற்பனையாளன் உலகத்திலேயே நீதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

"ப்ரூஃப்னா உள்ள விடவே விடாது. அப்படி ஒரு சாமான் பூமியில கிடையாது. ரிப்பெல், அது வேற. லத்தீன்ல 'பெல்லெரே'ன்னு ஒண்ணு. தள்றது, அடிக்கிறது, ஓட்டறது. முன்னால 'ரி' சேத்தா வந்த வழியாவே தள்றது. பகைவன் கோட்டை மேல ஏறறான் பாருங்க, ஏணியோட சேத்துத் தள்றோம்ல, அதான். அவன் சாகல. கீழ விழுந்து, மண்ணத் தட்டிக்கினு, மறுபடி ஏறுவான். நாம மறுபடி தள்ளணும்."

"அப்ப தண்ணி மறுபடி வருமா?"

"வராம? மேகத்துக்கு யாரு சொல்றது?"

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருஷக் கல்யாணத்தில் எனக்குத் தெரியும்: இவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். நான் உன்னை அனுப்பவில்லை. வாராவாரம் பத்திரிகையில் நகைச்சுவைத் துணுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான், உன்னைப் போன்ற சரக்கு வாசல் தேடி வந்தால் விடுவேனா? உன்னை வைத்து எழுதிய துணுக்கெல்லாம் உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு "இதுல எங்கடா சிரிக்கணும், அம்புக்குறி போட்டுக் காட்டு" என்பாய்.

'சார்' எப்போது 'மச்சான்' ஆனது என்று நினைவில்லை. ஆனால் அகராதி விடவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சாயங்காலம் நடக்கப் போவோம். கரைப் பாதையில் ரிட்டையர் ஆனவர்கள் எல்லாம் சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று கையை வீசிக்கொண்டு போவார்கள். நாம் மட்டும் சுண்டலை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். ஆறு மணி ஆனால் ஏரிக் கொசு கூட்டமாகக் கிளம்பி வரும். நீ பாக்கெட்டிலிருந்து கொசுவிரட்டிக் களிம்பை எடுத்து முழங்கையில் தடவிக்கொள்வாய்.

"இதுவும் நம்ம தொழில்தான் மச்சான். ரிப்பெல்லன்ட்."

"இதுல ஒண்ணு சாவுதா பாரு. காதுகிட்டயே வந்து பாடுது."

"சாவாது. சாவடிக்கிறது வேற, தள்றது வேற. சாவடிச்சா முடிஞ்சுது கதை. தள்ளினா, நீ மறுபடி வருவேன்னு நாமளே ஒத்துக்கறோம். பாதி மரியாதைடா அது."

"கொசுவுக்கு மரியாதை?"

"கொசுவுக்கும், தண்ணிக்கும், உனக்கும். எத்தன வாட்டி 'போடா'ன்னு சொல்லியிருக்கேன், வர்றியா இல்லியா?"

அன்றைக்குச் சுண்டலோடு சேர்த்து இந்தச் சொல்லின் சொந்தக்காரர்களையும் எனக்கு ஊட்டினாய். பள்ளிக்கூடத்திலிருந்து துரத்துகிற எக்ஸ்பெல், கையை முறுக்கிச் செய்ய வைக்கிற கம்பெல், படகை முன்னால் உந்துகிற ப்ரொப்பெல்லர், எல்லாம் பெல்லெரேயின் பிள்ளைகள். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிற 'புஷ்' இருக்கிறதே, அது பிரெஞ்சு வழியாக வந்த பேரன். டாக்டர் பார்க்கிற பல்ஸ், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான், அடிப்பதால் அந்தப் பேர். "ஆதியில இந்த வார்த்தை வைத்தியருங்க கையிலயும் இருந்துச்சு மச்சான். ஒடம்புல வீக்கம் வந்தா, கெட்ட நீர் வந்தா, அத வந்த வழியே அனுப்பற மருந்துக்கு ரிப்பெல்லன்ட்னு பேரு. அப்புறம்தான் கொசுக்காரனும் நானும் எடுத்துக்கினோம்."

"காந்தம் காந்தத்தத் தள்ளுமே, அது?"

"அதுவும். மூஞ்சியப் பாத்தாலே பத்தடி தள்ளி நிக்கணும்னு தோணுதே, அதுவும். அகராதியில உன் போட்டோ போட எடம் இல்லாம விட்டுட்டான்."

இந்த வார்த்தைக்குத் தமிழில் ஒரு சொல் கண்டுபிடித்துத் தா, நோட்டீஸில் போட வேண்டும் என்று என் உயிரை எடுத்தாயே, நினைவிருக்கிறதா? 'நீர்விலக்கி' என்றேன், கோயில் வாசலில் எழுதின மாதிரி இருக்கிறது என்றாய். 'தண்ணீர்விரட்டி' என்றேன், தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கிறது என்றாய். 'நீர்தள்ளி' என்றதற்கு நீ என்னை முறைத்த முறைப்பில் பக்கத்து பெஞ்ச் தம்பதி எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் நீயே எழுதினாய்: 'தண்ணீர் வரும். தள்ளிவிடலாம்.' அந்த நோட்டீஸைப் பார்த்து யாராவது கூப்பிட்டார்களா? "ரெண்டு பேரு. ஒருத்தர் கழிவுநீர் லாரின்னு நெனச்சிட்டாரு" என்று பெருமையாகச் சொன்னாய்.

இத்தனை ஞானமும் இருந்து, சிட்லபாக்கத்தில் உன் வீட்டு மொட்டை மாடி சல்லடை. உன் மனைவி மெர்சி சிஸ்டர் ஒவ்வொரு மழைக்கும் பூஜை சாமான் மாதிரி வரிசையாகப் பாத்திரம் வைப்பார். நான் பூஜை சாமான் என்று சொன்னதற்கு, "எங்க வூட்ல ஏதுண்ணா பூஜை, இது இவரு செஞ்ச பாவத்துக்கு" என்பார். மழைக் காலத்தில் ஊரார் மாடிகளைப் போய்ப் பார்த்து 'இப்ப முடியாது' என்று சொல்லவே உனக்கு நேரம் சரியாக இருக்கும். மே மாசம் வந்தால், "வெயில்ல யாருடா மேல ஏறுவான்" என்று மின்விசிறிக்குக் கீழே மல்லாந்துவிடுவாய். பாடம் சொன்ன வாத்தியாரே தேர்வில் ஃபெயில்.

போன ஐப்பசியில் அந்தச் சளி வந்தது. சளி இல்லை என்று பிறகு சொன்னார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, எடுத்தால் மறுபடி சேர்கிறது என்று சொன்னார்கள். கெட்ட நீரை வந்த வழியே அனுப்புகிற உன் பழைய வைத்தியர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். உனக்கும் வந்திருக்கும். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளியே மழை. நான் சாயங்காலம் ரசம் சாதத்தைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, குடையோடு வந்தேன். வார்டு வாசலில் கண்ணாடிக் கதவு. அதில் பெரிய எழுத்தில் 'புஷ்'. உன் பெல்லெரேயின் பேரன் எனக்கு வழிகாட்டுகிறான் என்று தள்ளப் போனேன். மெர்சி சிஸ்டர் உள்ளேயிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு வேணாங்கறாரு."

"ரசம் வேணாமா?"

"நீங்க வேணாமாம்."

நான் சிரித்தேன். உன் பழைய விளையாட்டு என்று நினைத்தேன். "நானே கேட்டுக்கறேன் சிஸ்டர், நகருங்க" என்றேன். சிஸ்டர் நகரவில்லை. கண் கலங்கியிருந்தது. "ஒண்ணு சொல்லச் சொன்னாருண்ணா. 'ஈரத்துல பூசக் கூடாது. மே மாசம் வரச் சொல்லு.'"

மே மாசம்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மழையே வற்றியிருக்கும். டாக்டர் தீபாவளியைத் தாண்டுவது பற்றியே வாயைத் திறக்காமல் மேலே பார்க்கிறார், இவன் மே மாசத்துக்கு அப்பாயின்ட்மென்ட் தருகிறான். உன் வியாபாரப் பேச்சை என்னிடமேவா? நான் என்ன ஒழுகுகிற வீட்டுக்காரனா, கஸ்டமரா?

மறுநாளும் வந்தேன். "வேணாங்கறாருண்ணா." அதற்கடுத்த நாளும் வந்தேன். வாசல் பெஞ்சில் எனக்கென்று ஓர் இடமே ஆகிவிட்டது. அந்த வார்டில் யாருக்கு என்ன வியாதி, எந்த மருமகள் வரவில்லை, எந்த மகன் செல்போனை நீட்டி வைத்துக்கொண்டு அழுகிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. ரசம் சாதத்தைப் பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவேன். செக்யூரிட்டிக்காரருக்கு நான் பெரிய வேடிக்கை.

"இன்னா சார், டெய்லி வந்துகினு கீறே, உள்ள வுட மாட்றாங்களே. சொந்தமா?"

"இல்லப்பா. ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டா? கடன் கிடன் வாங்கிட்டியா நீ?"

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. சிஸ்டர் மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்தேன். உன் கட்டில் திரைக்குப் பின்னால் என்று தெரியும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "டேய், நான் வந்துருக்கேன்டா, மூஞ்சியக் காட்டுடா" என்று கத்தினேன். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். பிறகு உன் குரல், காற்றில்லாத டயர் மாதிரி:

"போடா."

அவ்வளவுதான். திரையைப் பிடித்து விலக்க என் கைக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸம்மா ஓடி வந்து, "யாரு சார் உங்கள உள்ள விட்டது, வெளிய போங்க, வெளிய போங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நீ செய்தது ரிப்பெல், நர்ஸம்மா செய்தது எக்ஸ்பெல். பெல்லெரே குடும்பமே கூடி என்னைத் தள்ளியது. அந்த நிலைமையிலும் இது நல்ல துணுக்கு, உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது பார், அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவன்தானே திரைக்குள் படுத்துக்கொண்டு போடா என்கிறான்.

அதற்குப் பிறகும் வந்தேன். உனக்கு ஆத்திரம் மூட்டவாவது வருவேன் என்று வந்தேன். ஒரு நாள் காலையில் சிஸ்டர் போன் செய்தார். அன்றைக்கு மட்டும் யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக் கூடத்தில் உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கோட்டு சூட்டெல்லாம் போட்டு, உனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பீரம். மேலே கூரையில் ஈரத்திட்டு. பாஸ்டர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் கண்ணாடி மேல் கை வைத்தேன். ஜில்லென்று என் கை ரேகைதான் பதிந்தது. உன் மணிக்கட்டு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில். நாடி பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. அங்கேயும் என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டாய். ஜெபம் முடிகிற நேரம் கூரையிலிருந்து ஒரு சொட்டு, பெட்டி மேல் விழுந்தது. யாரோ கர்ச்சீப்பால் துடைத்தார்கள். அடுத்த சொட்டு விழுந்தது. சிஸ்டர் எழுந்து போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, பெட்டி மேல் எப்படி வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஊரில் உள்ள கூரையெல்லாம் பார்த்தவனே, உனக்கு இது நியாயமாடா?

இதுதான் ஐந்தாறு மாதமாக என் தொண்டையில் நிற்கிறது. நீ போனதை விழுங்கிவிடலாம். வயசாகிறது, எல்லாரும் போகிறார்கள். ஆனால் என்னை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று தெரியாமல், அதை எப்படி விழுங்குவது? கேட்பதற்கு ஆள் இல்லாத கேள்வியை ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போவது என்ன பழக்கம்?

மே மாசம் வந்தது.

நீதானே வரச் சொன்னாய், வருகிறேன் என்று கிளம்பினேன். போன கோடையில் எங்கள் மாடிக்கென்று நீ கொண்டுவந்து பரணில் வைத்த இரண்டு டப்பாக்களும் அப்படியே இருந்தன. ஒன்றை எங்கள் மாடியில் எதிர்வீட்டு அக்காவின் மேற்பார்வையில் பூசி முடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இன்னொன்றை வண்டியில் கட்டிக்கொண்டு சிட்லபாக்கம் போனேன். கேட்டில் சிஸ்டர்.

"ஐயோ, வேணாம்ண்ணா. இந்த வெயில்ல நீங்க எதுக்கு."

நான் அங்கேயே வெடித்துவிட்டேன். "இந்த வீட்ல 'வேணாம்'ங்கறதத் தவிர வேற வார்த்தையே கிடையாதா சிஸ்டர்? அவன் வேணாம்னான், நீங்க வேணாங்கறீங்க. மே மாசம் வரச் சொன்னான், வந்துருக்கேன். நகருங்க."

சிஸ்டர் என்னையும் டப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார். பிறகு மாடிப்படியில் பின்னாலேயே ஏறி வந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு சொம்பு எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்துகொண்டார். நான் விரிசலைச் சுரண்டினேன். கூட்டினேன். உள்ளங்கையைத் தரையில் வைத்து, நீ வைப்பாயே அது மாதிரி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். கை பொரிந்தது. பூசத் தொடங்கினேன்.

"அண்ணா."

"ம்."

"டெய்லி சாயங்காலம் ஆனா கேப்பாரு, வந்துட்டானான்னு."

பிரஷ் நின்றுவிட்டது.

"வந்துருக்காருன்னு சொன்னா, போகச் சொல்லும்பாரு. சொல்லிட்டுக் கண்ண மூடிக்குவாரு. அப்புறம் கொஞ்சம் தூங்குவாரு. ஒரு நாள் ஏரி ரோட்ல தண்ணி நின்னுச்சுன்னு நீங்க லேட்டா வந்தீங்கல்ல? அன்னிக்கு மருந்தே முழுங்கல. கதவையே பாத்துகிட்டிருந்தாரு. 'நான் தள்றதுக்காவது வருவான்டி'ன்னாரு."

"ஏன் சிஸ்டர், உள்ள விட்டிருந்தா என்னவாம்?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அரை நிமிஷம். வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போயிருப்பேன்ல?"

சிஸ்டர் சொம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நானும் சண்ட போட்டேன்ண்ணா. 'அவன் என்னப் பாத்தா ஜோக்கடிக்க மாட்டான்'னாரு. 'எத்தன வருஷமா பாக்கறேன், அவன் வாய் மூடி ஒரு நிமிஷம் நின்னதில்ல. அவன் ஜோக்கடிக்காம நிக்கறத என்னால பாக்க முடியாதுடி'ன்னாரு."

சொல்லித் தொலைத்திருக்கலாமே, அடப் பாவி. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து 'போடா' என்பதற்குப் பதிலாக 'ஒரு ஜோக் சொல்லிட்டுப் போடா' என்று சொல்லியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? உன் தலைமாட்டில் நின்று சிரிப்புக் காட்டியிருக்க மாட்டேனா? இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, காட்டியிருக்க மாட்டேன். பேந்தப் பேந்த நின்றிருப்பேன். ரசம் தூக்கைக் கீழே போட்டிருப்பேன். உனக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது என்பதுதான் இன்னும் எரிச்சல். அகராதி பார்க்காமலேயே என்னைப் படித்துவிட்டாய். அதனால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இல்லை. ஒருவன் ஜோக்கடிக்காமல் நின்றால் நின்றுவிட்டுப் போகிறான், அதைப் பார்க்கிற வலி உனக்கு, பார்க்காத வலி எனக்கு. பங்கு சரியில்லை மச்சான்.

மதியத்துக்குள் பூசி முடித்தேன். சிஸ்டர் கீழே சாப்பாடு எடுத்து வைக்கப் போனார். போகும்போது, "அண்ணா, இனிமே ஒழுகாதுல்ல?" என்றார். உன் முகம் சுருங்குவது தெரிந்தது. "வரும் சிஸ்டர், தள்ளிவிடும். அடுத்த மே மாசம் மறுபடி பூசணும்" என்றேன். சிஸ்டர் சிரித்தார். இந்த வீட்டில் ஒருவரைச் சிரிக்க வைத்துப் பல மாதம் ஆகிறது.

சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருந்து மேலே போனேன். பூச்சு காய்ந்திருந்தது. கடைசியில் நீ ஒன்று செய்வாயே, வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கையில் சொம்பைக் கொடுத்து, "நீங்களே ஊத்திப் பாருங்க" என்பாயே. என் கையில் கொடுக்க ஆள் இல்லை. நானே எடுத்துக்கொண்டு, உங்கள் கூடத்துக்கு நேர் மேலே, அந்தச் சொட்டு கிளம்பிய இடத்தில் ஊற்றினேன். தண்ணீர் பரவவில்லை. உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓடியது. பெரும்பாலும் பள்ளம் பார்த்துப் போய்விட்டது. ஒரே ஒரு துளி மட்டும் எங்கேயும் போகவில்லை. தரையும் உள்ளே விடவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தபோது கொஞ்சம் நகர்ந்து, காற்று நின்றதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. நான் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொசு வரத் தொடங்கியிருந்தது.

தரையில் இன்னும் சூடு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் துளி சிறுத்து, காணாமல் போயிற்று.

நான் எழுந்து போய் இன்னொரு சொம்பு எடுத்து வந்து ஊற்றினேன்.